ஓடும் பேருந்திலிருந்து 28 பைட்: எந்தப் பிழைதிருத்தக் குறியீட்டைப் போடுவது?

பேருந்துக்குள் ஒரு சின்னப் பெட்டி. நிற்கும் இடம், வேகம், டீசல் அளவு, எஞ்சின் சூடு என்று 28 பைட் தகவலைப் பத்து விநாடிக்கு ஒருமுறை வானலையில் அனுப்ப வேண்டும். டிப்போ மாடியில் ஆன்டெனாவும் ரிசீவரும் இருக்கின்றன. இந்தியாவில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய 865–867 மெகாஹெர்ட்ஸ் பட்டையை எடுத்துக்கொள்வோம். அனுப்பும் வேகம் விநாடிக்கு 10,000 பிட். வழியில் கெட்டுப்போகும் பிட்டுகளை ரிசீவரே மீட்டுக்கொள்ள, தகவலோடு கூடுதல் பிட்டுகளைச் சேர்த்து அனுப்புவதுதான் பிழைதிருத்தக் குறியீடு. இப்போது அதற்கு எதைப் போடுவது? விட்டர்பி என்ற முறையில் அவிழ்க்கும் டிகோடரோடு கன்வல்யூஷன் குறியீடா, ரீட்-சாலமனா, டர்போவா, எல்டிபிசியா, போலாரா?

இந்தக் கேள்விக்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒரு வரைபடம். கிடையச்சில் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், நெட்டச்சில் பிழை வீதம், நடுவில் அருவிபோல் விழும் கோடுகள். இறுதியாண்டு ப்ராஜெக்ட் அறிக்கைகளில் இதைப் பக்கத்துக்குப் பக்கம் பார்க்கலாம். எந்தக் கோடு அதிகம் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறதோ அதற்கே மாலை. வரைபடம் பொய்யில்லை. ஆனால் அது பெரும்பாலும் இரைச்சல் சீராக இருக்கும் சேனலுக்கு, அதாவது அலை வந்துசேரும் அத்தகைய பாதைக்கு, வரைந்தது. வாயேஜர் விண்கலம் வியாழனிலிருந்து அனுப்பிய சிக்னலுக்கு நன்றாகப் பொருந்தும். வழியில் லாரியும் கிடையாது, அடுக்குமாடியும் கிடையாது. நம் பேருந்தின் கதை வேறு.

பேருந்திலிருந்து கிளம்பும் அலை பல வழிகளில் டிப்போவுக்கு வந்து சேர்கிறது. சுவரில் பட்டு ஒன்று, பக்கத்து லாரியில் பட்டு ஒன்று. இவை ஒத்து வந்தால் சிக்னல் ஓங்கும். எதிரெதிராக வந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். ஃபேடிங் என்பது இதுதான். 866 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 35 சென்டிமீட்டர், அதில் பாதி தூரம் நகர்ந்தாலே நிலைமை தலைகீழாகிவிடலாம். பேருந்து மணிக்கு 40 கிலோமீட்டரில் போனால் டாப்ளர், அதாவது வேகத்தால் அலைவரிசை நகரும் அளவு, 32 ஹெர்ட்ஸ். நேர்ப்பாதை இல்லாத ரேலே வகை சேனலுக்கான சூத்திரத்தில் இதைப் போட்டால், சராசரியைவிட 10 டெசிபெல்லோ (பத்தில் ஒரு பங்கு சக்தி) அதற்கும் கீழோ சிக்னல் சரியும் பள்ளங்கள் விநாடிக்கு 23 வரும். ஒவ்வொன்றும் சராசரியாக 4 மில்லிவிநாடிக்குச் சற்று மேல் நீடிக்கும். அதாவது நம் வேகத்தில் 41 பிட்.

குறியீடே இல்லாமல் அனுப்பினால் என்ன ஆகும்? ஆயிரத்தில் ஒரு பிட் தவறினால் போதும் என்று வைத்துக்கொண்டால், சீரான இரைச்சலில் பிட்டுக்குச் சிக்னல் இரைச்சலைவிட ஏறக்குறைய 7 டெசிபெல் மேலே இருந்தால் போதும். ரேலே ஃபேடிங்கில் 24 டெசிபெல் வேண்டும். இடைவெளி 17 டெசிபெல், கிட்டத்தட்ட 50 மடங்கு சக்தி. நல்ல குறியீட்டுக்கும் மிக நல்ல குறியீட்டுக்கும் இடையே வரைபடத்தில் நாம் சண்டை போடுவது ஒன்றரை டெசிபெல்லுக்கு. முதலில் அந்த 17-ஐப் பார்க்க வேண்டாமா?

ஆகவே குறியீட்டின் பெயருக்கு முன்னால் மூன்று விஷயங்களை ஒப்பிட வேண்டியிருக்கிறது.

ரிசீவர் எதைக் கையில் கொடுக்கிறது?

டிகோடருக்கு இரண்டு விதமாகத் தகவல் போகலாம். ஒவ்வொரு பிட்டையும் 0 அல்லது 1 என்று முடிவுகட்டிக் கொடுப்பது ஹார்ட் டெசிஷன். 'அநேகமாக 1, ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன்' என்று நம்பிக்கையின் அளவையும் சேர்த்துக் கொடுப்பது சாஃப்ட் டெசிஷன். சீரான இரைச்சலில் சாஃப்ட்டின் லாபம் சுமார் 2 டெசிபெல் என்பது எல்லாப் பாடப்புத்தகத்திலும் உண்டு. இரண்டு டெசிபெல்தானே என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. ஃபேடிங்கில் கணக்கே வேறு.

கன்ஸ்ட்ரெயின்ட் நீளம் 7 (ஒவ்வொரு வெளியீடும் கடைசி 7 பிட்டைப் பொறுத்தது), வீதம் பாதி (ஒரு பிட்டுக்கு இரண்டு பிட் போகும்), எண்ம முறையில் 171, 133 என்று எழுதப்படும் பிரபலமான கன்வல்யூஷன் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வாயேஜரிலும் இது இருந்தது, வைஃபையிலும் இருக்கிறது. இதில் எந்த இரண்டு பாதைகளும், அதாவது சாத்தியமான எந்த இரண்டு பிட் வரிசைகளும், குறைந்தது 10 பிட்டில் வேறுபடும். அந்தப் பத்துப் பிட்டும் பத்துத் தனித்தனி பள்ள மேடுகளில் பயணம் செய்திருந்தால், சாஃப்ட் டிகோடர் ஏமாற வேண்டுமானால் ஏறக்குறைய பத்துமே மோசமாக இருக்க வேண்டும். ஹார்ட் டிகோடர் ஏமாற ஐந்து தவறினால் போதும். சிக்னலைப் பத்து மடங்கு கூட்டினால் முதலாவதில் பிழை பத்தின் பத்தாம் அடுக்கு அளவுக்குச் சரியும், இரண்டாவதில் ஐந்தாம் அடுக்கு அளவுக்குத்தான். இது கோடு இரண்டு டெசிபெல் நகர்வது போன்ற விஷயமில்லை. கோட்டின் சரிவே பாதியாகிவிடுகிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது, பலர் விழுவது இங்கேதான். நம்பிக்கையின் அளவு என்பது வந்த மின்னழுத்தம் மட்டும் இல்லை. அந்த நேரத்தில் சேனல் எவ்வளவு பலமாக இருந்தது என்பதையும் அதோடு பெருக்க வேண்டும். சேனல் பலம் 2 ஆக இருக்கும்போது 0.2 என்ற மதிப்பு வருகிறது. சேனல் பலம் 0.2 ஆக இருக்கும்போதும் அதே 0.2 வருகிறது. இரண்டுக்கும் ஒரே எடை கொடுக்கக் கூடாது. பெருக்கிப் பார்த்தால் முன்னதன் எடை 0.4, பின்னதன் எடை 0.04. பள்ளத்தில் வந்த பிட் 'எனக்குத் தெரியாது' என்று அடக்கமாகச் சொல்ல வேண்டும். ஆனால் தானாகவே சிக்னல் அளவைச் சமன்செய்யும் ஏஜிசி வேகமாக வேலை செய்தால் என்ன நடக்கும்? பள்ளத்தில் இருப்பது வெறும் இரைச்சல், அதையும் பெருக்கி மற்ற பிட்டுகளின் உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். டிகோடர் அதை முழுமனதோடு நம்பும். தகவலைப் பல குட்டி அலைவரிசைகளில் பிரித்து அனுப்பும் ஓஎஃப்டிஎம்மில் இதே தவறு வேறு வேஷத்தில் வரும்: வந்த சிக்னலைச் சேனல் மதிப்பால் வகுத்துவிட்டு, வகுத்ததற்கான எடையைத் திரும்பச் சேர்க்க மறந்துவிடுவார்கள். 'சாஃப்ட் போட்டேன், ஒரு லாபமும் தெரியவில்லை' என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது இதைப் பற்றித்தான்.

அப்புறம் நடைமுறைச் சிக்கல் ஒன்று. இந்தப் பட்டைக்கு மலிவாகக் கிடைக்கும் சிப்கள் பலவும் முடிவுகட்டிய பிட்டுகளையும், சிக்னல் பலத்துக்கு ஆர்எஸ்எஸ்ஐ என்ற ஓர் எண்ணையும் மட்டும்தான் கொடுக்கும். சாஃப்ட் மதிப்பு வேண்டுமானால் டிப்போ பக்கத்திலாவது மென்பொருள் ரேடியோ (வந்த சிக்னலை நிரலே அலசும் ரிசீவர்) வைக்க வேண்டும். ரிசீவர் ஒன்றே ஒன்றுதான் என்பதால் அது பெரிய செலவில்லை. பேருந்துப் பெட்டிகளை மாற்ற வேண்டியதும் இல்லை. சில சிப்களில் பிழைதிருத்தம் உள்ளேயே இருக்கிறது. உதாரணமாக சிசி1101-இல் கன்ஸ்ட்ரெயின்ட் நீளம் 4 உள்ள பாதி வீதக் குறியீடும், பிட்டுகளின் வரிசையைக் கலைத்துப் போடும் 4×4 இன்டர்லீவரும் உண்டு. நம் பள்ளம் 41 பிட். அவ்வளவு சின்ன அணி அதை எங்கே கொண்டுபோய்க் கலைப்பது?

கலைத்துப் போடுவதும் அதன் எல்லையும்

இன்டர்லீவர் செய்வது எளிய வேலை. 224 பிட் தகவல், 16 பிட் சிஆர்சி (பிழை மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பு), குறியீட்டை முடித்துவைக்க 6 பிட், ஆக 246. பாதி வீதத்தில் 492. இதோடு எட்டு நிரப்பு பிட் சேர்த்து, 20 வரிசை 25 நிரல் உள்ள கட்டத்தில் வரிசை வரிசையாக எழுதி, நிரல் நிரலாக அனுப்பலாம். வழியில் 41 பிட் மொத்தமாகப் பள்ளத்தில் விழுந்தால், திரும்ப அடுக்கும்போது ஒவ்வொரு 25 பிட்டுக்கும் இரண்டோ மூன்றோதான் மோசமாக இருக்கும். நமது குறியீட்டுக்கு அது பொருட்டே இல்லை. இன்டர்லீவர் இல்லாமல் அதே 41-ம் அடுத்தடுத்து வந்தால் விட்டர்பி கதை முடிந்தது. ஒரு சின்னத் திருத்தம்: அடுத்தடுத்த நிரல்களை அப்படியே அனுப்பினால் அந்த மோசமான பிட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும். நிரல்களின் வரிசையையும் மாற்றிப் போடுங்கள். 4ஜி கைபேசியின் எல்டிஇ தன் 32 நிரல் இன்டர்லீவரில் அதைத்தான் செய்கிறது.

விலை? காத்திருப்பு. முழு பாக்கெட்டும் வந்து சேர 50 மில்லிவிநாடி ஆகும். டீசல் அளவுக்கு அவ்வளவு அவசரமில்லை. பேச்சுக்கு அவசரம் உண்டு, அதனால்தான் 2ஜி கைபேசியின் ஜிஎஸ்எம் ஓர் அளவோடு நிறுத்திக்கொண்டது. 20 மில்லிவிநாடிப் பேச்சின் 260 பிட்டையும் அது சமமாக நடத்தவில்லை. மிக முக்கியமான 50 பிட்டுக்கு 3 பிட் சரிபார்ப்பு. அவற்றோடு அடுத்த 132 பிட்டையும் சேர்த்துப் பாதி வீதக் குறியீடு. காதுக்குப் பெரிதாகத் தெரியாத 78 பிட் அப்படியே பச்சையாகப் போகும். மொத்தம் 456. அதை எட்டாகப் பிரித்து எட்டு பர்ஸ்ட்டில் (விட்டு விட்டு அனுப்பும் குட்டித் துண்டுகளில்) தூவுவார்கள். எட்டு பர்ஸ்ட் கடக்க 37 மில்லிவிநாடி. கையில் இருக்கும் பிட்டை எங்கே செலவழிப்பது என்று யோசித்தவர்களின் கணக்கு இது. இன்றைக்குப் பார்த்தாலும் ரசிக்கத்தக்கது.

ஆனால் கலைப்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் சேனல் ஏறக்குறைய 13 மில்லிவிநாடிக்கு ஒருமுறை மாறுகிறது. நம் பாக்கெட் 50 மில்லிவிநாடி. ஆக, அது பார்ப்பது நான்கு தனித்தனி சேனல்களை, அவ்வளவுதான். பத்து கிடையாது. இந்த நான்கு துண்டில் மூன்று அழிந்து ஒன்றுதான் மிஞ்சியது என்று வையுங்கள். மிஞ்சியது சுமார் 123 பிட். அதிலிருந்து 240 பிட் தகவலை மீட்க எந்தக் குறியீட்டாலும் முடியாது, கொள்ளாது. இரண்டு மிஞ்சினால் சரியாகக் கொள்ளும். ஆகவே பாதி வீதத்தில், நான்கு துண்டில் மூன்று கெட்டால் பாக்கெட் போய்விடும். டர்போ போட்டாலும், எல்டிபிசி போட்டாலும் அதே மூன்றுதான். ஒழுங்கான இன்டர்லீவர் உள்ள 64 நிலை விட்டர்பிக்கு (கன்ஸ்ட்ரெயின்ட் நீளம் 7 என்றால் 64 நிலை) அந்த எல்லையை எட்டுவது கடினமில்லை. வரைபடத்தில் பெரிதாகத் தெரிந்த வித்தியாசம் இங்கே சுருங்கிப்போவதற்கு இதுதான் காரணம்.

அந்த எல்லையை நகர்த்த வேண்டுமானால் துண்டுகளைக் கூட்ட வேண்டும். ஒரு வழி, வீதத்தைக் குறைத்து பாக்கெட்டை நீட்டுவது. இன்னொரு வழி, பாக்கெட்டைப் பிளந்து வெவ்வேறு அலைவரிசையில் அனுப்புவது.

சிக்னலில் நிற்கும் பேருந்து

சிவப்பு விளக்கில் பேருந்து நின்றுவிட்டது. பள்ளத்தில் நின்றால் பள்ளத்திலேயே நிற்கும். இப்போது பாக்கெட் பார்ப்பது ஒரே ஒரு சேனல். இன்டர்லீவருக்கு வேலையே இல்லை, கலைக்க ஒன்றுமில்லை.

இங்கே குறியீட்டின் மதிப்பு எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடலாம். சராசரி சிக்னல், டிகோடருக்குத் தேவையானதைவிட 17 டெசிபெல் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரேலே ஃபேடிங்கில் பாக்கெட் தவறும் வாய்ப்பு 2 சதவீதம். இரண்டு டெசிபெல் மேலான அதிநவீனக் குறியீட்டைப் போட்டால் 1.25 சதவீதம். மாதக்கணக்கில் உழைத்துக் கிடைத்தது இதுதான். அதற்குப் பதிலாக டிப்போ மாடியில் இன்னோர் ஆன்டெனாவைத் தள்ளி நட்டு, இரண்டில் எது நன்றாகக் கேட்கிறதோ அதை எடுத்துக்கொண்டால்? இரண்டும் ஒரே நேரத்தில் பள்ளத்தில் விழும் வாய்ப்பு 2 சதவீதத்தின் 2 சதவீதம், அதாவது 0.04 சதவீதம். ஒரு கம்பி, ஒரு கேபிள், இன்னொரு ரிசீவர்.

பெட்டிக்குப் பதில் சொல்லும் வழி இருந்தால் மறுபடி அனுப்பச் சொல்லலாம். அப்போது முதலில் வந்து தோற்ற பாக்கெட்டின் சாஃப்ட் மதிப்புகளைக் குப்பையில் போடாமல் வைத்திருந்து, இரண்டாவதோடு கூட்டி டிகோட் செய்வது நல்லது. 1985-இல் டேவிட் சேஸ் எழுதிய யோசனை, கைபேசி வலையமைப்புகளில் அன்றாடம் நடக்கிறது. ஆனால் நின்ற பேருந்திலிருந்து அதே அலைவரிசையில் உடனே மறுபடி அனுப்பினால் அதே பள்ளம்தான். அலைவரிசை மாற்றி அனுப்ப வேண்டும். எவ்வளவு தள்ளி? தெருவில் எதிரொலிகள் ஒரு மைக்ரோவிநாடி அளவுக்குப் பரவியிருந்தால் 200 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தள்ளினால் சேனல் மாறிவிடும், நம் 2 மெகாஹெர்ட்ஸ் பட்டைக்குள் அதற்கு இடம் தாராளம். மூடிய ஷெட்டுக்குள் அந்தப் பரவல் 100 நானோவிநாடியாகச் சுருங்கும், அப்போது பட்டை முழுதும் சேர்ந்து மூழ்கும். ஷெட்டுக்குள் இரண்டாவது ஆன்டெனாதான் துணை.

'லோராவைப் போட்டுவிட்டுப் போகலாமே' என்ற கேள்வி வந்தே தீரும். குறைந்த சக்தியில் தொலைவுக்கு அனுப்பும் ரேடியோ முறையான லோராவின் பலம் அலையை விரித்து அனுப்புவதில் இருக்கிறது. அதன் பிழைதிருத்தம் எளிய ஹாமிங் வகை. 4/5, 4/6 வீதங்களில் பிழையைக் கண்டுபிடிக்கலாம், திருத்த முடியாது. 4/7, 4/8-இல் ஒரு பிட்டைத் திருத்தலாம். நின்ற இடத்தில் இருக்கும் மீட்டருக்கு அருமையான தேர்வு. பேருந்துக்கு என்றால் விரிப்பு எண்ணைக் (எஸ்எஃப்) கவனியுங்கள். 125 கிலோஹெர்ட்ஸில் எஸ்எஃப்12-இன் ஒரு குறி 33 மில்லிவிநாடி நீளம், சேனலோ 13 மில்லிவிநாடியில் மாறுகிறது. ஒரு குறி முடிவதற்குள்ளேயே பள்ளமும் மேடும் வந்து போய்விடும். எஸ்எஃப்7-இல் ஒரு குறி ஒரு மில்லிவிநாடிதான், அங்கே இந்தத் தொல்லை இல்லை. தூரத்துக்காக எண்ணைக் கூட்டுகிறவர்கள் வண்டி ஓடுவதை மறந்துவிடுகிறார்கள்.

இப்போது பெயர்களுக்கு வரலாம்

டர்போ குறியீடு 1993-இல் ஜெனீவா மாநாட்டில் அறிமுகமானபோது பலர் நம்பவில்லை. எந்தக் குறியீடும் தாண்ட முடியாத ஷானன் எல்லைக்கு அவ்வளவு அருகில் போக முடியுமா என்று சந்தேகப்பட்டார்கள். எல்டிபிசியின் கதை இன்னும் சுவாரசியம். 1960-களின் தொடக்கத்தில் காலகர் எழுதி வைத்தது, அன்றைய கணினிகளுக்குக் கனம் தாங்காமல் முப்பது வருடம் பரணில் கிடந்தது. இரண்டும் நீளமான பாக்கெட்டில்தான் தங்கள் வித்தையைக் காட்டும். எல்டிஇ டர்போவில் ஒரு துண்டு 6144 பிட் வரை போகும்; வைஃபை எல்டிபிசியின் மிகப் பெரிய துண்டு 1944 பிட். 240 பிட்டில் 64 நிலை விட்டர்பியை விட இவற்றுக்கு ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை டெசிபெல் லாபம் கிடைக்கலாம். மேலே பார்த்த நான்கு துண்டு எல்லைக்குள் அதன் பயன் சொற்பம்.

எல்டிபிசியில் எனக்குப் பிடித்த ஒன்று, சமன்பாடுகள் எல்லாம் சரியாக அமைந்ததா என்று தானே பார்த்துக்கொள்ளும். மின்-சம் (min-sum) என்ற எளிய முறையில் டிகோட் செய்தால் இரைச்சலின் அளவு துல்லியமாகத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, எல்லா மதிப்புகளையும் ஒரே எண்ணால் பெருக்கினாலும் முடிவு மாறாது. பிட்டுக்குப் பிட் எடை மாறுவதை மட்டும் சரியாகக் கொடுத்தாக வேண்டும், அதில் எந்த டிகோடருக்கும் சலுகை கிடையாது. போலார், 2009-இல் துருக்கியின் அரிக்கான் வெளியிட்டது. சிஆர்சியோடு சேர்த்துப் பட்டியல் முறையில் டிகோட் செய்தால் குட்டிப் பாக்கெட்டில் பிரமாதம். 2016 நவம்பரில் அமெரிக்காவின் ரீனோ நகரக் கூட்டத்தில், கைபேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி 5ஜியின் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு போலார், தரவுக்கு எல்டிபிசி என்று பங்கு பிரித்தது. ஒரே வலையமைப்பே இரண்டு வேலைக்கு இரண்டு குறியீடு வைத்திருக்கிறது என்பதைக் கவனிக்கலாம்.

விட்டர்பியின் பாரம்? 246 பிட்டுக்கு 64 நிலை, மொத்தம் 15,744 கூட்டி-ஒப்பிட்டு-தேர்வுசெய்யும் வேலைகள். ஒவ்வொன்றுக்கும் தாராளமாக 10 சுழற்சி போட்டாலும் 100 மெகாஹெர்ட்ஸ் சில்லு 2 மில்லிவிநாடிக்குள் முடித்துவிடும். பேருந்துப் பெட்டியிலோ குறியேற்ற ஆறு பிட் நகர்பதிவு போதும்.

ரீட்-சாலமனைப் பழைய காலத்து ஆசாமி என்று ஒதுக்க வேண்டாம். சாஃப்ட் மதிப்பு கிடைக்காத மலிவு சிப்பில் இதுதான் என் தேர்வு. சிஆர்சியோடு 30 பைட், அதோடு 16 சரிபார்ப்பு பைட், மொத்தம் 46. எங்கே தவறியது என்று தெரியாவிட்டால் 8 பைட் திருத்தும். 'இந்த பைட் வந்தபோது சிக்னல் படுத்துவிட்டது' என்று ஆர்எஸ்எஸ்ஐயைப் பார்த்துச் சொல்லிவிட்டால் 16 பைட்டை மீட்கும். நம் 41 பிட் பள்ளம் ஆறு பைட்டுக்குள் அடங்கிவிடுகிறது, இன்டர்லீவர்கூட வேண்டாம். 0.8 மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஆர்எஸ்எஸ்ஐயைப் படித்து பைட்டோடு சேர்த்து வைக்க வேண்டும், அவ்வளவுதான் கூடுதல் வேலை.

ஆக, டிப்போவில் மென்பொருள் ரேடியோ வைக்க முடிந்தால் கன்ஸ்ட்ரெயின்ட் நீளம் 7 கன்வல்யூஷன், 20×25 இன்டர்லீவர், சேனல் எடையோடு சாஃப்ட் விட்டர்பி, இரண்டு ஆன்டெனா. முடியாவிட்டால் ரீட்-சாலமன், அதே இரண்டு ஆன்டெனா. திரும்பப் பேசும் வழி இல்லையென்றால் ஒவ்வொரு செய்தியையும் ஒரு மெகாஹெர்ட்ஸ் தள்ளி இரண்டாவது முறை அனுப்புவேன். பத்து விநாடியில் 100 மில்லிவிநாடி ஒன்றும் பெரிய இடமில்லை. நாளைக்குப் பெட்டி 28 பைட்டுக்குப் பதில் கேமரா படம் அனுப்ப ஆரம்பித்தால் அன்றைக்கு எல்டிபிசிக்கு மாறலாம், இன்றைக்கு வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இது எந்த ஒப்பீட்டு வரைபடத்திலும் வராது. பாக்கெட் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் ஒத்திசைவுச் சொல்லுக்குக் குறியீட்டின் பாதுகாப்பு கிடையாது. அது 32 பிட் என்றால் 3 மில்லிவிநாடி. எந்த நொடியிலும் சேனல் 10 டெசிபெல் பள்ளத்தில் இருக்கும் வாய்ப்பு 9.5 சதவீதம். பள்ளம் சரியாக அங்கே விழுந்தால் டிகோடர் விழித்துக்கொள்ளவே இல்லை, குறியீடு எதுவாக இருந்தால் என்ன? ஜிஎஸ்எம் தன் 26 பிட் பயிற்சி வரிசையைப் பர்ஸ்ட்டின் நடுவில் வைத்தது. சிற்றலையில் அமெச்சூர் வானொலிக்காரர்கள் பயன்படுத்தும் எஃப்டி8, 79 குறிகளில் 21-ஐ ஒத்திசைவுக்கே ஒதுக்கி, அவற்றைத் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று இடத்தில் பிரித்து வைக்கிறது. மென்பொருள் ரேடியோவில் நாமும் அப்படிச் செய்யலாம். சிப்பில் அந்த வசதி இல்லையென்றால், மேலே சொன்ன இரண்டாவது முறை அனுப்புதலைத் தவிர்க்க முடியாது.